மதுரை ஓடுபாதை: சாலையை அடியில் விடுவதா, சுற்றி விடுவதா?

மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை 2,285 மீட்டர், அதாவது 7,500 அடி. அதை 12,500 அடியாக, 3,810 மீட்டருக்கு, நீட்ட வேண்டும் என்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் திட்டம். நீட்டும் வழியில் நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. சாலையை ஓடுபாதைக்கு அடியில் கொண்டுபோகலாம். முனையைச் சுற்றி வளைத்து விடலாம். சாலையையே தொடாமல், இப்போதிருக்கும் நீளத்துக்குள் நிலையத்தைச் சீர்படுத்தவும் செய்யலாம். இந்த விவாதத்தில் நீளம்தான் எப்போதும் முன்னால் நிற்கிறது. உண்மையில் முதலில் தீர்க்க வேண்டியது, சாலைக்கு மேலே விமானங்களுக்கு விடும் அகலம். ஏன் என்பது கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

எவ்வளவு நீளம் வேண்டும்?

விமானத் தயாரிப்பாளர் சொல்லும் ஓடுபாதை நீளம் கடல் மட்டத்துக்கும் 15 டிகிரி வெப்பத்துக்கும் உரியது. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை மதியம் 38 டிகிரி சர்வசாதாரணம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் திட்டமிடல் முறைப்படி, உயரத்துக்காக 300 மீட்டருக்கு 7 சதவீதம் கூட்ட வேண்டும். வெப்பத்துக்காக, அந்த உயரத்துக்கென்று வகுத்திருக்கும் தர வெப்பத்தை விடக் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம்.

முழு எடையில் தரச் சூழலில், அதாவது கடல் மட்டத்தில் 15 டிகிரியில், 2,100 மீட்டர் கேட்கும் ஒற்றை நடைபாதை விமானம் (ஏ320, 737 போன்றது) ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு 3.3 சதவீதம் கூட்டினால் 2,169. வெப்பத்துக்கு 24 சதவீதம் கூட்டினால் 2,690. கையில் இருப்பது 2,285. ஆக, மே மாத மதியம் அந்த விமானம் முழு எடையோடு கிளம்ப முடியாது. பெட்டிகளைக் குறைப்பார்கள், இருக்கைகளைக் காலியாக விடுவார்கள், அல்லது நேரத்தை மாற்றுவார்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கோ துபாய்க்கோ போக முழு எரிபொருள் தேவையில்லை என்பதால்தான் இன்று வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே கணக்கை இரவு 27 டிகிரிக்குப் போட்டால் 2,690 என்பது 2,451 ஆகிறது. 2024 அக்டோபரில் நிலையம் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியதன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. ஒரு மூட்டை சிமெண்ட் கொட்டாமல் ஏறக்குறைய 240 மீட்டர் ஓடுபாதை கிடைத்ததற்குச் சமம். இதை யாரும் திறப்பு விழா வைத்துக் கொண்டாடவில்லை.

பெரிய விமானங்களுக்கு வருவோம். போயிங் 787-8 தரச் சூழலில் முழு எடைக்குச் சுமார் 2,600 மீட்டர் கேட்கும். மதுரைக் கோடையில் அது 3,330 ஆகும். 777-300இஆர் வகைக்கு 3,810 மீட்டரே முழு எடைக்குப் போதாது, ஆனால் வளைகுடா வரை போக அதற்கு முழு எடை வேண்டாம். ஆகவே படிகள் மூன்று. 3,000 மீட்டர் வந்தால் ஏ320, 737 ரகங்களின் சிக்கல் தீர்ந்தது. 3,300 வந்தால் 787. அதற்கு மேல் 3,810 வரை போவது எதிர்காலத்துக்கான கையிருப்பு. விமான நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்காதவரை கடைசி 500 மீட்டரை ஒரே மூச்சில் போட வேண்டிய அவசரம் இல்லை. நிலத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுற்றி விடுவது

சாலையை வளைத்துவிடுவது மலிவு என்பதுதான் முதலில் தோன்றும். கட்டுமானச் செலவை மட்டும் பார்த்தால் அது உண்மை.

ஆனால் வளைவு எங்கே போக வேண்டும் என்று பாருங்கள். ஓடுபாதை முனைக்கு அப்பால் 60 மீட்டர் சமதளப் பட்டை. அதற்கப்பால், விமானம் முனையைத் தாண்டி ஓடினால் தாங்கும் முனைப் பாதுகாப்புப் பகுதி 240 மீட்டர். கட்டாயம் என்னவோ 90 மீட்டர்தான், 240 பரிந்துரை. புதிதாகப் போடும்போது 90-இல் நிறுத்துவது பைத்தியக்காரத்தனம். ஆக 300 மீட்டர். அந்த இடத்தில் சாலை போனால் என்ன ஆகும்? தரையிறங்கும் பாதையின் தடைப் பரப்பு, அதாவது எதுவும் மீறி நிற்கக் கூடாத கற்பனைச் சாய்தளம், பட்டையின் விளிம்பில் தொடங்கி 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறுகிறது. 300 மீட்டரில் அதன் உயரம் 4.8 மீட்டர். சுமையேற்றிய லாரியின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. எனவே சாலை 400 மீட்டருக்கு வெளியே போக வேண்டும், தரைமட்டத்தை விட மேலேறவும் கூடாது. தெருவிளக்குக் கம்பம்கூடக் கணக்கில் வரும்.

ஓடுபாதை 1,525 மீட்டர் நீளுகிறது. சாலை இப்போதைய முனையிலிருந்து 300 மீட்டரில் குறுக்கிடுவதாக வைத்துக்கொண்டால், அதை ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் தள்ள வேண்டும். ப வடிவில் இறுக்கமாக வளைத்தால் போகவும் வரவும் 3.2 கிலோமீட்டர் கூடுதல் தூரம். இருபுறமும் 2 கிலோமீட்டர் முன்னாலேயே சாய்வாகப் பிரித்தால் கூடுதல் தூரம் 1.1 கிலோமீட்டராகச் சுருங்கும், ஆனால் 5 கிலோமீட்டருக்கு மேல் புதுச்சாலை போட வேண்டும். 60 மீட்டர் அகலத்துக்கு அது 75 ஏக்கரைத் தாண்டும். ப வடிவத்துக்கு 55 ஏக்கர் சொச்சம். எந்த வடிவமானாலும் இன்னொரு சுற்று நில எடுப்பு, இன்னொரு ஊரின் எதிர்ப்பு. 2024 நவம்பரில், ஓடுபாதைக்கு நிலம் எடுக்கப்படும் சின்ன உடைப்பு கிராம மக்கள் மறுகுடியமர்வு முடியாமல் வெளியேற மாட்டோம் என்று போராடியதை மதுரை பார்த்தது. ஓடுபாதைக்கான நிலமே அந்த நிலையில் இருக்கும்போது, சாலைக்கென்று தனியாக ஒரு கோப்பைத் திறப்பவர் துணிச்சல்காரர்.

ஓட்டச் செலவும் உண்டு. நாளுக்கு 20,000 வண்டிகள், கிலோமீட்டருக்குச் சராசரி 15 ரூபாய் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டால், 1.1 கிலோமீட்டருக்கே ஆண்டுக்கு 12 கோடி ரூபாய். 3.2 கிலோமீட்டர் என்றால் 35 கோடி. இது எந்தத் துறையின் பட்ஜெட்டிலும் வராது. லாரிக்காரர், டவுன் பஸ் பயணி, ஆம்புலன்ஸ் என்று ஆளாளுக்குப் பிரிந்துபோகும். அதனால்தான் சுற்றுப்பாதை காகிதத்தில் மலிவாகத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. சுற்றுச்சாலை போட்ட அன்றே ஓடுபாதையின் உச்ச நீளம் பூட்டப்பட்டுவிடும். 3,000 மீட்டருக்கு ஏற்ப வளைத்தால் சாலைச் செலவு குறையும், பிறகு 3,300 வேண்டும் என்றால் சாலையை மறுபடியும் பெயர்க்க வேண்டும். அந்த பயத்தில் முதலிலேயே 3,810-க்கு ஏற்ப வளைத்தால், வராத விமானத்துக்காக அத்தனை லாரியும் தினமும் சுற்றிப் போகும்.

அடியில் விடுவது

சுரங்கப்பாதை நீளத்தைப் பூட்டாது. சாலை ஒரே இடத்தில் கடந்துவிடுகிறது, மேலே ஓடுபாதையை 300 மீட்டரோ 1,500 மீட்டரோ எப்போது வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் அது அகலத்தைப் பூட்டிவிடும். சாலையை மூடும் கான்கிரீட் பெட்டியின் மேற்கூரை எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் விமானம் போகலாம். இங்கேதான் விமான நிலைய ஆணையமும் நெடுஞ்சாலைத் துறையும் செலவைக் குறைக்கப் பார்க்கும். குறைக்கக் கூடாத இடம் இது.

ஓடுபாதை 45 மீட்டர்தானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கருவி வழித் தரையிறக்கம் உள்ள ஓடுபாதைக்கு மையக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 140 மீட்டர் பட்டை வேண்டும். பிறகு இணை டாக்ஸிவே, அதாவது ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே விமானம் ஊர்ந்து போகும் பாதை. 787, 777 ரகங்கள் போக வேண்டுமானால் ஓடுபாதை மையத்திலிருந்து டாக்ஸிவே மையம் 172.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அதற்கப்பால் டாக்ஸிவே பட்டை 43.5 மீட்டர். கூட்டினால் ஒரு பக்கம் 140, மறுபக்கம் 216, ஆக 356 மீட்டர். சுற்றுச்சுவர், ரோந்துப் பாதை எல்லாம் சேர்த்து 380. இதுவும் சாலை செங்குத்தாகக் கடந்தால்தான். 60 டிகிரி சாய்வில் கடந்தால் 356 என்பது 411 ஆகிவிடும். அதனால் பெட்டிக்குள் நுழையும் முன்பே சாலையைச் சற்றுத் திருப்பிச் செங்குத்தாக்குவது லாபம். வெளியே வளைக்கும் ஒவ்வொரு மீட்டரும் உள்ளே கான்கிரீட் மீட்டரை விட மலிவு.

டாக்ஸிவேயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 280 மீட்டர் பெட்டியோடு நிறுத்தினால், பிறகு ஓடும் சாலைக்கு மேலே, இயங்கும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் தோண்டி இணைக்க வேண்டும். அப்படி ஒரு வேலையை எந்த ஒப்பந்தக்காரரும் மலிவாக எடுக்க மாட்டார்.

ஆழம் அடுத்தது. வண்டிக்கு 5.5 மீட்டர் தலையிடைவெளி. விளக்கு, கேபிள், விசிறிக்கு முக்கால் மீட்டர். கூரைக் கான்கிரீட் 1.2 முதல் 1.5 மீட்டர். அதன் மேல் மண்ணும் ஓடுபாதை அடுக்குகளும் ஒன்றேகால் மீட்டர். சாலை மட்டம் ஓடுபாதை மட்டத்துக்கு 9 மீட்டர் கீழே போய்விடும். 30-க்கு 1 சரிவில் இறங்கினால் பக்கத்துக்கு 270 மீட்டர். மொத்தம் 900 மீட்டருக்கு மேல், சரிவு மாறும் இடங்களில் வளைவு கொடுத்தால் 1 கிலோமீட்டர்.

9 மீட்டரையும் தோண்டியே ஆக வேண்டுமா? ஓடுபாதையின் புதுப்பகுதியைக் கொஞ்சம் உயர்த்தலாம். ஆனால் ஓடுபாதையின் முதல், கடைசிக் கால்பகுதிகளில் சரிவு 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3 மீட்டர் ஏற 375 மீட்டர் வேண்டும், சாலை முனைக்கு 300 மீட்டரில் இருந்தால் அதற்கு இடமே இல்லை. 2 மீட்டர் ஏற்றலாம், அதற்கு 250 மீட்டர் போதும். மண் எவ்வளவு தேவை என்றும் பாருங்கள். 300 மீட்டர் அகலத்துக்கு 2 மீட்டர் உயரம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 600 கனமீட்டர். 500 மீட்டர் நீளத்துக்கு 3 லட்சம் கனமீட்டர், 10 கனமீட்டர் டிப்பரில் 30,000 நடை. அத்தனை சவுடும் கிராவலும் எந்தக் கண்மாயிலிருந்து, எந்த அனுமதியில் வரும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் வேலை நிற்பது அங்கேதான்.

தண்ணீர்தான் சுரங்கப்பாதையின் நிரந்தர எதிரி. மதுரைக்காரர்களுக்கு ரயில்வே சுரங்கப்பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த சரிவுகள் இரண்டும் சேர்ந்து 270 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் வீதம் 13,500 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் மணிக்கு 1,350 கனமீட்டர், நொடிக்கு 375 லிட்டர். நொடிக்கு 190 லிட்டர் இறைக்கும் பம்ப் மூன்று வேண்டும், இரண்டு ஓட, ஒன்று காத்திருக்க. இரு வேறு துணைமின் நிலையங்களிலிருந்து மின்சாரம், மேலே ஒரு ஜெனரேட்டர். பம்ப் அறையின் பேனல் பலகையைச் சரிவின் அடியில் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுவே. பேனல் தரைக்கு மேலே இருக்க வேண்டும். இறைத்த தண்ணீர் போகும் வாய்க்கால் கண்மாய் மறுகால் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இறைத்த தண்ணீரே திரும்பி வரும். சரிவின் தொடக்கத்தில் சாலையை 30 சென்டிமீட்டர் மேடாக்கிவிட்டால் பக்கத்து வயல் தண்ணீர் உள்ளே வராது. காசில்லாத தீர்வு, வரைபடத்தில் அடிக்கடி விடுபடுவதும் இதுவே.

மேலே போகும் எடைக்கு வருவோம். ஏ320 நியோ 79 டன், 787-8 சுமார் 228 டன், 777-300இஆர் 351 டன். கூரையைப் பெரியதற்கே வடிவமைக்க வேண்டும். ஓடுபாதை அகலத்துக்கு மட்டுமல்ல, பட்டை முழுவதும் தீயணைப்பு வண்டியும் வழி விலகிய விமானமும் தாங்க வேண்டும். கான்கிரீட் பெட்டி அமுங்காது, பக்கத்தில் கொட்டிய மண் அமுங்கும். சில ஆண்டுகளில் அந்தக் கோட்டில் ஓடுபாதை மீது மேடுபள்ளம் வரும், விமானி அதை உடனே உணர்வார். பெட்டியின் இருபுறமும் மண்ணுக்கு மேல் படுக்கும் கான்கிரீட் மாற்றுப் பலகைகளும் அடுக்கடுக்காக இறுக்கிய நிரப்பும் இதற்காகத்தான்.

பெட்டியை எப்படி அமைத்தாலும் இரண்டு தனி அறைகளாக, போக ஒன்று, வர ஒன்று என்று பிரிப்பது நல்லது. ஒரே திசையில் ஓடும் வண்டிகளே காற்றைத் தள்ளிக்கொண்டு போகும், தீ விபத்தில் அடுத்த அறைக்கு ஆட்களை மாற்றலாம். பெட்ரோல் டேங்கரையும் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள வண்டியையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி ஓடும் வண்டிகள் உள்ள பகுதி இது. உயரத் தடுப்பு வைத்தால் போதாது, தடுக்கப்பட்ட வண்டி எந்த வழியில் போகும் என்ற பலகையும் வேண்டும்.

கட்டும்போது வரும் சிக்கல் தனி. பெட்டி இப்போதைய முனையிலிருந்து 300 மீட்டரில் என்றால் அங்கே 4.8 மீட்டருக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது. தோண்டும் இயந்திரத்தின் கை அதைத் தாண்டும். 10 மீட்டர் இயந்திரம் நிற்க வேண்டுமானால் தரையிறங்கும் முனைக்கோட்டைத் தற்காலிகமாக 260 மீட்டர் உள்ளே தள்ள வேண்டும். இறங்கும் நீளம் 2,025 ஆகும். உலர்ந்த ஓடுபாதையில் ஏ320க்குப் பிரச்சினை இல்லை, மழையில் கணக்கு இறுக்கமாகும். முன்பு என்றால் இரவில் மூடி வேலை பார்த்திருக்கலாம். 24 மணி நேர இயக்கம் வந்த பிறகு அந்த இடைவெளியை விமான நிறுவனங்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

இது நம் நாட்டுக்குப் புதுச் சோதனையும் அல்ல. வாரணாசியில் ஓடுபாதையை 4,075 மீட்டராக நீட்டத் தேசிய நெடுஞ்சாலை 31-ஐ அடியில் கொண்டுபோகும் திட்டம் எடுக்கப்பட்டது. புது முனையம், ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்), இணை டாக்ஸிவே எல்லாம் சேர்த்து 2,869.65 கோடி ரூபாய்க்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சாலையையும் டாக்ஸிவேயையும் ஒன்றாக எடுத்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது.

தொடாமல் சமாளிப்பது

மூன்றாவது வழியை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். முழுநீள இணை டாக்ஸிவே இல்லாத ஓடுபாதையில் இறங்கிய விமானம் முனை வரை போய்த் திரும்பி, வந்த வழியே ஓடுபாதையிலேயே ஊர்ந்து வர வேண்டும். மூன்று நான்கு நிமிடம் ஓடுபாதை அடைபட்டுக் கிடக்கும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு இயக்கங்களுக்கு மேல் போவது கடினம். டாக்ஸிவே வந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏப்ரனும் முனையமும் அப்படியே. மதுரையின் 2010 முனையம் 17,560 சதுர மீட்டர். திருச்சியில் 2024-இல் திறந்த புது முனையம் 75,000 சதுர மீட்டர். திருச்சியின் ஓடுபாதையோ இன்னும் 2,480 மீட்டர்தான். அந்த நீளத்திலேயே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நீளம் மட்டும்தான் ஊரை முன்னேற்றும் என்று நம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

முனைப் பாதுகாப்பும் இந்த வழியில் கிடைக்கும். கோழிக்கோட்டில் 2,860 மீட்டர் ஓடுபாதை இருந்தும் 2020 ஆகஸ்டில் விமானம் முனையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். அதன்பின் பாதுகாப்புப் பகுதிக்காக ஓடுபாதையையே 2,540 மீட்டராகக் குறைக்கலாமா என்று பேச்சு வந்தது, எதிர்ப்பு கிளம்பியது, மண் நிரப்பி முனையை நீட்டும் பக்கம் முடிவு திரும்பியது. முனையில் இடம் விடாத நீளம் கணக்கில் மட்டும்தான் நீளம்.

ஆனால் இந்த வழி கோடை மதியத்தின் 400 மீட்டர் பற்றாக்குறையைத் தீர்க்காது. 787-ஐக் கொண்டுவராது. மதுரைக்கு இது முழுத் தீர்வு அல்ல, முதல் கட்டம்.

எதை எப்போது?

என் முடிவு அடியில் விடும் வழிக்கே, ஆனால் இந்த வரிசையில். இணை டாக்ஸிவேயும் ஏப்ரனும் முதலில். அவற்றுக்குச் சாலையைத் தொட வேண்டியதில்லை, நீதிமன்றம் வரை போன நிலத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இரண்டாவது, மறுகுடியமர்வு முடிந்த பின் பெட்டி, 380 மீட்டர் முழு அகலத்துக்கும் ஒரே தடவையில். பெட்டியை ஓடுபாதைப் பட்டைக்கு வெளியே முதலில் கட்டி முடித்து, சாலையை உள்ளே திருப்பி, பழைய சாலையை எடுத்த பின்பே மேலே மண் நிரப்ப வேண்டும். மூன்றாவது, 3,000 மீட்டர் வரை தளம்.

அந்தத் தளத்தைத் திறக்கும்போது ஒரு சிக்கனம் செய்யலாம். நீட்டிய பக்கத்தில் தரையிறங்கும் முனைக்கோட்டை இப்போதிருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, புதுப்பகுதியைப் புறப்பாட்டுக்கும், எதிர்ப்புறமிருந்து இறங்கி ஓடுவதற்கும் மட்டும் பயன்படுத்தலாம். இறங்கும் விமானத்துக்குச் சரியான சரிவைக் காட்டும் அந்த முனையின் சறுக்குப்பாதை ஆண்டெனாவும் சரிவுகாட்டி விளக்குகளும் நகர வேண்டாம். வெப்பத்தால் தேவைப்படும் நீளம் புறப்பாட்டுக்குத்தான், இறங்குவதற்கு 2,285 போதும். முனைக்கு அப்பால் நின்று, இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் திசைகாட்டி ஆண்டெனா மட்டும் புதுத்தளத்தின் வழியில் இருப்பதால் கட்டாயம் நகர்த்தியாக வேண்டும். அதை நகர்த்தி, அளவீட்டு விமானம் பறந்து சரிபார்த்து, விமானிகளுக்கு 28 நாள் சுழற்சியில் வரும் அதிகாரபூர்வ அறிவிப்பில் புது நீளங்கள் வெளியாக வேண்டும். அந்தத் தேதியைக் கணக்கில் வைக்காமல் திறப்பு விழாத் தேதி குறித்தால், ரிப்பன் வெட்டிய ஓடுபாதையில் பழைய நீளத்துக்குத்தான் விமானம் கிளம்பும்.